எழுதித் தணிவதா, எழுதி அறிவதா?

அண்மைக் காலமாக நமது பல்கலைக்கழகங்களிலே ஓர் அறிவுரை பெருஞ் செல்வாக்குப் பெற்று வருகின்றது. மனம் நெருக்கீட்டுக்கு உள்ளாகும்போது ஒரு கொப்பியை எடுத்து உங்களைப் பற்றி எழுதுங்கள். எழுத எழுத மனம் தணியும். தணிந்த மனம் யதார்த்தத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதே அவ்வறிவுரை. சீர்மியம், உளவளத்துணை என்னும் பெயர்களில் நடைபெறும் கூட்டங்களில் இது சொல்லப்படுகின்றது. அச்சிட்டுத் தரப்படும் துண்டுப் பிரசுரங்களிலும் இதுவே காணப்படுகின்றது. கேட்பதற்கு இதமானது, செலவில்லாதது, எவருக்கும் தீங்கு செய்யாதது போலத் தோன்றுவது. இம்மூன்று இயல்புகளுமே இதனை நாம் ஐயத்துடன் நோக்கப் போதுமானவை.

சென்ற அரையாண்டின் இறுதியில், பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கையில், மாணவர்க்கென நடாத்தப்பட்ட பயிற்சிப் பட்டறையொன்றில் யானும் கலந்துகொண்டேன். எமக்கு ஆளுக்கொரு கொப்பியும் மூன்று வினாக்கள் அடங்கிய தாளொன்றும் வழங்கப்பட்டன. இன்று உங்களை வருத்தியது எது? அவ்வேளையில் உங்கள் உடலில் என்ன உணர்ந்தீர்கள்? மாற்ற முடியாதது என்று கண்டு எதனை ஏற்றுக்கொண்டீர்கள்? என் பக்கத்தில் இருந்த தோழி மூன்றாம் வினாவின் கீழ், "விடுதியில் தண்ணீர் வராமை" என்று எழுதினாள். பட்டறையை நடாத்தியவர் அதனை வாங்கி உரக்க வாசித்து, மிகச் சிறந்த உதாரணம் என்று பாராட்டினார். அவர் நல்லவர்; எம்மீது உண்மையான பரிவு உடையவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் குழாயில் தண்ணீர் வராமை பிறப்பு இறப்புப் போன்றதோர் இயற்கை நியதியாக மாறிய கணம் அதுவே. இக்கட்டுரை எழுதப்படுவதற்கான தோற்றுவாயும் அதுவே.

தன்னைத் தான் நோக்கி எழுதுதல் பயனற்றது என்பது எனது வாதமன்று. அது பயனுடையது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. அச்சான்றுகள் கூறுவது ஒன்று. அவற்றின் பெயரால் எமக்குக் கூறப்படுவது வேறொன்று. எனது முறைப்பாடு இதுதான்.

இத்துறையின் மூலநூல் போன்று கருதப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வாகும். அதில் ஈடுபடுத்தப்பட்டோர் நம்மைப் போன்ற பட்டதாரி வகுப்பு மாணவர் 46 பேர். அவர்கள் அடுத்தடுத்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினர். ஒரு சாரார் சாதாரண விடயங்களைப் பற்றி எழுதினர். ஏனையோர் தம் வாழ்வின் துயர நிகழ்ச்சிகளை எழுதினர்; அவர்களுள்ளும் சிலர் நிகழ்ச்சியை மாத்திரம், சிலர் உணர்ச்சியை மாத்திரம், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினர். அடுத்து வந்த ஆறு மாதங்களில் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்குச் செல்லும் தேவை குறைந்து காணப்பட்டது, நிகழ்ச்சியையும் அது எழுப்பிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோருக்கே. அதாவது, மனத்தில் உள்ளதை வெறுமனே கொட்டித் தீர்ப்பது போதாது. என்ன நடந்தது என்பதும் எழுதப்படல் வேண்டும். எமக்குத் தரப்பட்ட தாளிலோ இரண்டாம் வினா உடலுக்குத் தாவிவிட்டது. நடந்ததை விவரிக்க ஒரு வரி இடங்கூட இல்லை.

இன்னுமொன்று. எழுதி முடித்தவுடன் அம்மாணவர்கள் அமைதியடையவில்லை. அவர்களின் குருதியமுக்கம் உயர்ந்திருந்தது. மனம் முன்னையிலும் துயருற்றிருந்தது. பயன் பின்னரே வந்தது. தணிவைத் தேடி எழுதுவோருக்கு முதலில் கிடைப்பது கலக்கமே என்ற இச்செய்தியைத் துண்டுப் பிரசுரங்கள் மறைத்துவிடுகின்றன. பயனின் அளவும் மிகைப்படுத்தப்படுகின்றது. 146 ஆய்வுகளைத் தொகுத்து ஜோன் ஃபிராட்டரோலி 2006இல் வெளியிட்ட பகுப்பாய்வு, இவ்வெழுத்தினால் நன்மை உண்டு, ஆயின் அது சிறிது என்ற முடிவுக்கே வந்தது. சிறிது என்பதற்காக அதனை இகழ வேண்டியதில்லை. சர்வரோக நிவாரணி என்று விற்காதிருந்தால் போதும்.

இவை யாவற்றிலும் என் சிந்தனையை மிகவும் ஈர்த்தது, பென்னபேக்கரும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் மேற்கொண்ட சொல்லாய்வாகும். எழுதிப் பயனடைந்தோரின் எழுத்துக்கும் பயனடையாதோரின் எழுத்துக்கும் இடையே என்ன வேறுபாடு என்று அவர்கள் தேடினர். பயனடைந்தோரின் எழுத்தில் நாளுக்கு நாள் காரணங் கூறும் சொற்களும், உணர்ந்தேன், விளங்கிற்று என்பன போன்ற தெளிவு குறிக்கும் சொற்களும் பெருகிச் சென்றன. தமிழிற் சொல்வதாயின், 'ஏனெனில்', 'ஆகவே', 'இதனால்' என்பவை எழுத்தினுள் நுழைந்தபோதே எழுத்து மருந்தாயிற்று. காரணத்தைத் தேடுதல் என்பது ஏற்றுக்கொள்ளுதலுக்கு நேர்மாறான செயலன்றோ? 'தண்ணீர் வரவில்லை, ஏற்றுக்கொண்டேன்' என்னும் வாக்கியத்தில் காரணச் சொல்லுக்கு இடமில்லை. 'தண்ணீர் வரவில்லை, ஏனெனில்' என்று தொடங்கியவள் அந்த வாக்கியத்தை முடிப்பதற்கு விடுதிக்கு வெளியே சென்று விசாரிக்க வேண்டியவளாகின்றாள்.

2003ஆம் ஆண்டு காம்பெல் என்பாரும் பென்னபேக்கரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் இடையே தாம் பயன்படுத்தும் மாற்றுப்பெயர்களை மாற்றிக்கொண்டோர், அதாவது 'நான்' என்பதிலேயே நின்றுவிடாது பிறரது நோக்கிற்கும் சென்று மீண்டோர், கூடிய நலம் பெற்றனர் எனக் காட்டிற்று. அவர்களது ஆய்வு ஆங்கில எழுத்துப் பற்றியது. ஆங்கிலத்திலே தன்மைப் பன்மை ஒன்றே. நம் மொழியிலோ கேட்போரை உள்ளடக்கிய 'நாம்' வேறு, கேட்போரை விலக்கிய 'நாங்கள்' வேறு. 'நான் சோர்ந்துபோனேன்' என்று எழுதியவர் அடுத்த நாள் 'நாங்கள் சோர்ந்துபோயுள்ளோம்' என்றும், அதற்கடுத்த நாள் வாசிப்பவரையும் சேர்த்து 'நாம்' என்றும் எழுத நேருமாயின், அவரது துன்பம் அதற்குள் இரண்டு எல்லைகளைக் கடந்துவிடுகின்றது. இவ்வளவு நுட்பமான கருவியை மொழி கையில் தந்திருக்க, நாம் மாணவரை 'நான்' என்னும் அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்துகின்றோம்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை நேர்மையுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். 1994ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், வேலையிழந்த தொழில்சார் அலுவலர்களிற் சிலர் தம் வேலையிழப்புப் பற்றிய எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் எழுதினர். அவ்வாறு எழுதியோர், வேறு விடயங்களை எழுதியோரிலும், எதுவும் எழுதாதோரிலும் விரைவாக மீண்டும் வேலை பெற்றனர். பார்த்தீர்களா, எழுத்து வேலையையே பெற்றுத் தருகின்றது என்று கூறக் கேட்டிருக்கின்றேன். கலைப்பீட மாணவராகிய எமக்கு இது தேன்போல் இனிக்கும் செய்தியே! ஆயின் அவ்வாய்வாளர்கள் கருதியது வேறு. எழுதியோர் கூடுதலாக அலைந்து வேலை தேடியதாற் பயன் பெறவில்லை. பழைய வேலை பற்றியும் புதிய வேலை பற்றியும் அவர்களது மனப்பாங்கு மாறியதே காரணம் என்றனர். அது பெறத்தக்க நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே வேலைகள் இருந்தன; யார் முந்துவது என்பதே போட்டி. கொப்பியில் எழுதியவர் முந்தினார். ஒருவர் முந்துவதால் வேலைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. பட்டம் பெற்றும் நியமனத்துக்காக வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளை நோக்கி நாட்குறிப்பு எழுதுங்கள் என்று கூறுவது, அவர்கள் அனைவரும் ஒரே வேளையில் ஒருவரையொருவர் முந்தலாம் என்று கூறுவதை ஒக்கும்.

இனி, 'ஏற்றல்' என்னும் சொல்லைச் சிறிது நோக்குவோம். பிச்சையையும் ஏற்கின்றோம், அறைகூவலையும் ஏற்கின்றோம். ஒன்றில் கை கீழே தாழ்கின்றது. மற்றதில் கால் முன்னே வைக்கப்படுகின்றது. யதார்த்தத்தை ஏற்றல் என்று எமக்குப் போதிக்கப்படுவது முதலாவது பொருளில். உளவியலாரே இப்பொருளை முழுமையாகக் கொள்ளவில்லை என்பது கவனித்தற்குரியது. ஸ்டீவன் ஹேய்ஸ் முதலியோர் உருவாக்கி 1999இல் நூலாக வெளியிட்ட சிகிச்சை முறையின் பெயரே ஏற்பும் கடப்பாடும் என்னும் இரண்டினையும் இணைத்தது. உள்ளத்தில் எழும் வேதனையை மறுத்து ஓடாதே என்பது அதன் முதற் பாதி. நீ பெறுமதியெனக் கருதுவதன் பொருட்டுச் செயலில் இறங்கு என்பது மறுபாதி. வேதனையை ஏற்றலும் வேதனைக்குக் காரணமான நிலைமையை ஏற்றலும் ஒன்றல்ல. கடல் கடந்து எம்மை வந்தடைவதற்குள் அந்த மறுபாதி எங்கோ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததா, உதிர்க்கப்பட்டதா என்பது வேறு விசாரணை.

இக்கொள்கைக்கு உரோமப் பேரரசன் மார்க்கஸ் ஒரேலியஸ் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. போர்க்களப் பாசறைகளிலிருந்தும் தன்னைத் தானே நோக்கிக் கிரேக்க மொழியிலே குறிப்புகள் எழுதிவைத்தவன் அவன். நிகழ்வனவற்றை மனமுவந்து ஏற்க வேண்டுமென்று தனக்குத் தானே இடித்துரைத்தவன். பேரரசனுக்கு ஏற்றல் எளிது, உலகம் அவன் ஏற்கத்தக்க வகையில் ஏற்கெனவே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது என்று எழுதிவிட்டுக் கடந்துசெல்ல விரும்பினேன். ஆயின் அவன் யாரிடம் கற்றான் என்பதை நினைத்ததும் பேனை தயங்குகின்றது. அவன் பெரிதும் போற்றிய எபிக்டீட்டஸ் அடிமையாய் இருந்தவர். விலங்கிடப்பட்டவனுக்கும் உள்ளத்தில் ஒரு சுதந்திரம் உண்டு என்று அடிமையாய் இருந்தவரே கூறுகையில் அதில் ஒரு பெருமிதம் இருக்கின்றது. அதே கூற்றை அடிமையின் உடைமையாளன் அச்சிட்டு விநியோகித்தால் அது என்னவாகும் என்பதே என் கேள்வி.

நமது மரபிலே இதற்கு வேறொரு வழி இருந்தது. தன் நெஞ்சை முன்னிலைப்படுத்திப் பேசுதல் தமிழ்க் கவிதையின் மிகப் பழைய உத்திகளில் ஒன்று. திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் ஓர் அதிகாரம். நெஞ்சொடு புலத்தல் மற்றோர் அதிகாரம். இவற்றுக்கும் முன்னர், பாலைத்திணைப் பாடல்கள் பலவற்றில் பொருள் தேடிப் பிரிய நினைக்கும் தலைவன் தன் நெஞ்சுடன் வழக்காடுகின்றான். போவதா, நிற்பதா? பொருளின்றி இல்லறம் நடவாது, போனால் அவள் வாடுவாள், வழியோ கொடியது. நெஞ்சு ஒன்று சொல்ல, அவன் மறுக்கின்றான். சில பாடல்களில் புறப்படுகின்றான், சிலவற்றில் செலவழுங்குகின்றான். அங்கே நெஞ்சு ஆற்றுப்படுத்தப்பட வேண்டிய குழந்தையன்று, எதிர்வழக்குரைக்கும் ஆள். பேச்சின் முடிவிலே கிடைப்பது அமைதி அன்று, ஒரு தீர்மானம். அத்துடன் அத்தலைவனின் நெருக்கீட்டுக்குப் பொருளாதாரக் காரணம் உண்டென்பதைப் பாடிய புலவரும் மறைக்கவில்லை, துறை வகுத்தோரும் மறைக்கவில்லை. 'பொருள்வயிற் பிரிவு' என்று வெளிப்படையாகவே பெயரிட்டனர்.

தன்னை நோக்குதலில் உள்ள ஆபத்தையும் கூறாது விடுதல் முறையாகாது. 1989ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பூகம்பம் தாக்குவதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவரின் மனநிலை பற்றிச் சூசன் நோலன்-ஹூக்ஸ்மா தகவல் திரட்டியிருந்தார். பூகம்பத்தின் பின் அதே மாணவரை மீண்டும் ஆராய்ந்தபோது, முன்னரே தம் சோர்வை ஓயாது அசைபோடும் பழக்கமுடையோர் கூடுதலான மனச்சோர்வுக்கு உள்ளாகியிருக்கக் கண்டார். காரணத்தை நோக்கி முன்னேறாது ஒரே வட்டத்தில் சுழலும் எழுத்து, அசைபோடலுக்குக் கிடைத்த கொப்பியே அன்றி வேறில்லை. எழுத்து எவ்வகையினதாயினும் வைத்தியருக்கு மாற்றாகாது. உறக்கமும் உணவும் இழந்து வாழ்வை வெறுத்து நிற்கும் நண்பனிடம் எழுது என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்லுதல் கைகழுவுதலே ஆகும்.

2022ஆம் ஆண்டை இந்நாட்டில் எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. மகாபொல புலமைப்பரிசில் அப்போதும் மாதம் 5,000 ரூபா அளவிலேயே நின்றது. அவ்வாண்டு விடுதிகளில் ஒரு வேளை உணவைத் தவிர்த்த மாணவருக்கு ஏற்பட்ட தலைச்சுற்றலை உளநெருக்கீடு என்று அழைப்பதா, பசி என்று அழைப்பதா? மேற்படி தாளின் இரண்டாம் வினாவுக்கு இரண்டும் ஒன்றே. உடலில் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்கும் அது, வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. அந்நாள்களில் ஒவ்வொருவரும் தத்தம் கொப்பியில் உண்மையாக எழுதியிருப்பின், பக்கங்கள் யாவும் ஒரே பக்கத்தின் பிரதிகளாய் இருந்திருக்கும்.

அறிவதற்காக எழுதுதல் யாரையும் ஆற்றுவதில்லை என்று கூறிவிடவும் முடியாது. ஜேர்மனியின் டிரெஸ்டனில் மொழிப் பேராசிரியராய் இருந்த விக்டர் கிளெம்பரர், யூதர் என்ற காரணத்தால் 1935இல் பதவியிழந்தார். பின்னர் வீட்டையும் இழந்தார். நூலகம் செல்லும் உரிமையும் மறுக்கப்பட்டது. அவர் நாட்குறிப்பு எழுதினார். கண்டுபிடிக்கப்பட்டால் உயிர் போகும் என அறிந்தே எழுதினார். எழுதிய தாள்களை அவரது மனைவி அயலூரில் இருந்த வைத்தியத் தோழி ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுசென்று மறைத்து வைத்தார். ஆட்சியாளர் பேச்சிலும் தொழிற்சாலைத் தொழிலாளர் பேச்சிலும் அண்டை வீட்டார் பேச்சிலும் சொற்கள் எவ்வாறு நஞ்சேறின என்பதை அவர் நாள்தோறும் குறித்தார். அக்குறிப்புகளிலிருந்து பிறந்ததே 1947இல் வெளிவந்த மொழியாய்வு நூல். நாட்குறிப்பானது கயிற்றின்மேல் நடப்பவன் கையிலுள்ள சமநிலைக் கோல் போலத் தமக்கு இருந்தது என்னும் கருத்தை அவரே அந்நூலில் கூறியுள்ளார். எனவே எழுத்து அவரைத் தாங்கிற்று என்பது உண்மை. யதார்த்தத்தோடு இணங்கியதனால் அன்று, அதன் ஒவ்வொரு சொல்லையும் கணக்கெடுத்ததனால் தாங்கிற்று.

இந்நாட்டிலே தன் வாழ்வைத் தானே எழுதுதல் என்னும் பழக்கத்தை மிகப் பரவலாகக் கைக்கொண்டோர் யார்? நாட்குறிப்பு எழுதும் மாணவரோ, சுயசரிதை எழுதும் பெரியோரோ அல்லர். மனு எழுதியோரே. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும், 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவின் முன்னும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த காணாமற்போனோர் அலுவலகத்தின் முன்னும் அதே நாளை, அதே இடத்தை, பிள்ளை கடைசியாய் உடுத்திருந்த அதே உடையை மீண்டும் மீண்டும் எழுதியும் எழுதுவித்தும் கொடுத்தனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தில் அமர்ந்தனர். 2020 ஜனவரியில் நாட்டின் அப்போதைய ஜனாதிபதி, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும் விசாரணைகளின் பின் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் கூறினார். யதார்த்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் அறிவுரையின் அரச வடிவம் இது. அத்தாய்மார் ஏற்கவில்லை. அவர்களுக்கு யதார்த்தம் தெரியாது என்று யார் துணிந்து கூறுவர்? உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்னும் நிலையை போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 'தெளிவற்ற இழப்பு' என அழைத்தார். அவ்வகை இழப்பில் முற்றுப்புள்ளியை வற்புறுத்தலாகாது என்பது அவரது நிலைப்பாடு. தாய்மார் அவரை வாசித்திருக்க வேண்டியதில்லை. விடை கிடைக்காத மனுவை ஒன்பதாவது முறை எழுதுபவளின் எழுத்தில் தணிவு இல்லை. எனினும் அதனிலும் தன்னுணர்வு மிக்க எழுத்தை யான் அறியேன்.

ஆகவே சீர்மியப் பணியில் ஈடுபட்டுள்ள விரிவுரையாளர்களிடம் யான் கேட்பது பெரிதன்று. கொப்பிகளைத் திரும்பப் பெற வேண்டாம், தாளை மாற்றுங்கள். உடலைக் கேட்பதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள். எதனை ஏற்றுக்கொண்டீர்கள் என்னும் வினாவை வெட்டிவிட்டு, இது ஏன் நிகழ்ந்தது, இது உங்களுக்கு மாத்திரமா நிகழ்ந்தது என்று கேளுங்கள். விடைகளை உரக்க வாசிக்க வேண்டுமாயின், எல்லா விடைகளையும் வாசியுங்கள்.

பட்டறை முடிந்த அன்று மாலை, எமது மாடியைச் சேர்ந்த ஐவர் தத்தம் தாளை ஒரு மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தோம். நால்வரது தாளில் தண்ணீர் இருந்தது. ஐந்தாமவள் உறக்கமின்மை என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டோம். தண்ணீர் வரும் வேளை பார்த்து வாளி நிரப்ப அதிகாலை மூன்று மணிக்கு எழுவதனால் என்றாள். ஐவரும் சேர்ந்து, 'நாங்கள்' என்று தொடங்கி, விடுதிப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதில் 'ஏனெனில்' என்னும் சொல் மூன்று இடங்களில் வந்திருந்ததைப் பின்னர்தான் எண்ணிப் பார்த்தேன். பதில் இன்னும் வரவில்லை. தண்ணீர் இப்போது காலையில் ஒரு மணித்தியாலம் வருகின்றது.